வெள்ளிக்கிழமை வீணை

வெள்ளிக்கிழமை மாலை. சென்னை ஜார்ஜ் டவுனில் ஒரு தெரு. வெளியே வண்டிகளின் சத்தம், வியாபாரிகளின் கூச்சல். ஒரே ஒரு வீட்டுக்குள் மட்டும் அப்படி ஓர் அமைதி!

அந்த வீட்டில் சிலர் கூடியிருக்கிறார்கள். அவர்களில் பெரிய சங்கீத வித்வான்களும் உண்டு. ஊரெல்லாம் தங்கள் பாட்டுக்குத் தலையாட்ட வைத்தவர்கள், இங்கே பள்ளிப் பிள்ளைகளைப் போல அடங்கி உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் பேசுவதில்லை. இருமல் வந்தால்கூட அடக்கிக் கொள்வார்களாம்!

நடுவில் ஒரு மூதாட்டி. மடியில் வீணை. அவருடைய விரல் தந்தியைத் தொடுகிறது. மெல்லிய ஒலி எழுகிறது. அதோடு சேர்ந்து, மெல்லிய குரலில் அவரும் பாடுகிறார்.

அவர்தான் வீணை தனம்மாள்.

டிக்கெட் இல்லை. மேடை இல்லை. மைக் இல்லை. ஆனால் தென்னாட்டுச் சங்கீதத்தின் மதிப்பை எடைபோடும் தராசாக அந்த வீடு இருந்தது.

பாட்டுக் குடும்பம்

தனம்மாள் 1867-ம் ஆண்டு சென்னையில் பிறந்தார். அவருடைய குடும்பம் தஞ்சாவூரிலிருந்து வந்த குடும்பம். முன்னோர்கள் தஞ்சை அரசவையில் பாடியவர்கள், ஆடியவர்கள். பாட்டி காமாட்சி நடனத்தில் பேர் பெற்றவர். தாய் சுந்தரம்மாள் பாடகி. சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான சியாமா சாஸ்திரியின் மகன் சுப்பராய சாஸ்திரியிடம் பாட்டுக் கற்றவர்.

இது தேவதாசி மரபில் வந்த குடும்பம். கோயிலிலும் அரண்மனையிலும் ஆடலையும் பாடலையும் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் இந்தப் பெண்கள். அவர்களுடைய கலையை ரசித்த சமூகமே அவர்களைத் தாழ்வாகவும் பார்த்தது. அரசர்களின் ஆதரவு போனபின், பல குடும்பங்கள் சென்னைக்கு வந்தன. ஜார்ஜ் டவுனில் இருந்த செல்வர்களும் ரசிகர்களும் அவர்களை ஆதரித்தார்கள்.

சிறுமியாக இருந்தபோதே தனம்மாள் பாடத் தொடங்கிவிட்டார். தங்கை ரூபவதியோடு சேர்ந்து கச்சேரி செய்தார். வீணையையும் பழகினார்.

குருமார்கள் பலர் கிடைத்தார்கள். சாத்தனூர் பஞ்சு ஐயர் முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனைகளைக் கற்றுக் கொடுத்தார். திருவொற்றியூர் தியாகய்யர் தமது கருவூலத்தைத் திறந்துவிட்டார். இன்னொரு குரு வந்தார். அவர் நம்ம வட ஆற்காட்டுக்காரர்!

வாலாஜாபேட்டை வாத்தியார்

அணைக்கட்டிலிருந்து வேலூருக்குப் போய், அங்கிருந்து கிழக்கே ராணிப்பேட்டையைத் தாண்டினால் வாலாஜாபேட்டை. இப்போது ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் இது நெசவுக்கும் வியாபாரத்துக்கும் பேர் போன ஊர். சங்கீதத்துக்கும் பேர் போன ஊர்!

தியாகராஜ சுவாமிகளின் சீடர் வெங்கடரமண பாகவதர் இந்த ஊரில்தான் வாழ்ந்தார். குரு பாடப்பாட, அந்தப் பாட்டுகளை எழுதி வைத்தவர் அவர். அவரும் அவர் போன்ற சீடர்களும் எழுதி வைத்திராவிட்டால், தியாகராஜரின் எத்தனையோ கீர்த்தனைகள் காற்றோடு போயிருக்கும்.

அதே வாலாஜாபேட்டையின் பெயரைத் தாங்கியவர் பாலகிருஷ்ண தாஸ். அவருக்குக் கண்பார்வை கிடையாது. ஆனால் க்ஷேத்திரக்ஞரின் பதங்களில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று பெயர். ‘பதம் பாலதாஸ்’ என்றே அவரை அழைத்தார்கள்.

பதம் என்பது மிக மெதுவாகப் பாடும் பாட்டு. காதலனாகிய கண்ணனை நினைத்து ஒரு பெண் உருகுவதாகவோ, ஊடுவதாகவோ இருக்கும். பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த க்ஷேத்திரக்ஞர் இவற்றைத் தெலுங்கில் இயற்றினார். அவசரக்காரர்களுக்குப் பதம் பிடிபடாது. ஒரு வரிக்குள் எத்தனையோ நெளிவு சுளிவு. அது எல்லாவற்றையும் எழுத்தில் எழுத முடியாது.

பாலதாஸ் ஏட்டைப் பார்த்துச் சொல்லிக் கொடுக்க முடியாது. பாட்டு முழுவதும் அவர் நெஞ்சில் இருந்தது. அவர் பாடுவார், தனம்மாள் கேட்பார். திரும்பப் பாடுவார். பிழை இருந்தால் மறுபடியும் கேட்பார். இப்படிக் காதிலிருந்து காதுக்கு, நெஞ்சிலிருந்து நெஞ்சுக்கு வந்தது அந்தச் சொத்து.

தருமபுரி சுப்பராயர் என்ற புலவரும் அந்த வீட்டுக்கு நெருங்கியவர். தாலுகா ஆபீசில் வேலை பார்த்தவர். ஜாவளி என்னும் சிறு காதல் பாட்டுகளைப் புனைந்தார். அவற்றைத் தனம்மாள் வீடு உயிரோடு காத்தது.

விரல் நுனியில் இசை

வீணை பலா மரத்தில் செய்த வாத்தியம். இருபத்து நான்கு மெட்டுகள். வாசிப்பதற்கு நான்கு தந்திகள், தாளத்துக்கு மூன்று தந்திகள். சத்தம் பெரிதாகக் கேட்க வேண்டும் என்று, பலர் விரலில் கம்பியாலான மீட்டியை மாட்டிக்கொண்டு வாசிப்பார்கள்.

தனம்மாள் மீட்டி போடவில்லை. வெறும் விரலாலேயே மீட்டினார். அதனால் ஒலி சிறியது. ஆனால் இனியது. ஒரு தடவை மீட்டிவிட்டு, அந்த ஒலி அடங்குவதற்குள் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து இழுத்து, ஒரே மீட்டில் பல சுரங்களைப் பேச வைப்பார். குரலும் வீணையும் எது எதுவென்று தெரியாமல் இழையும்.

அந்தச் சின்ன ஒலியைக் கேட்க வேண்டுமானால், கேட்பவர் வாயை மூட வேண்டும். வேறு வழியில்லை! வெள்ளிக்கிழமை வீட்டில் அவ்வளவு அமைதி நிலவியதற்குக் காரணம் தனம்மாளின் கண்டிப்பு மட்டும் அல்ல. அவருடைய இசையே அந்த அமைதியைக் கேட்டது.

பாடும் பெட்டி வந்தது

தனம்மாளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும்போது ஓர் அதிசயம் நடந்தது. 1902-ம் ஆண்டு கல்கத்தாவில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி இசைத்தட்டுப் பதிவு செய்தது. அப்போது பாடியவர்களில் புகழ் பெற்றவர் கௌஹர் ஜான் என்ற பாடகி. பாட்டு முடிந்ததும் தன் பெயரைத் தானே உரக்கச் சொல்லி முடிப்பார். தட்டு ஜெர்மனியில் அச்சாக வேண்டியிருந்தது. அங்கே இருப்பவர்களுக்குப் பாடியது யார் என்று தெரிய வேண்டாமா?

சில ஆண்டுகளில் சென்னையிலும் பதிவு தொடங்கியது. 1908-ல் கல்கத்தாவில் தொழிற்சாலையே வந்துவிட்டது. அரக்கில் செய்த கறுப்புத் தட்டுகள் ஊர் ஊராகப் போயின.

ஜார்ஜ் டவுனில் தனம்மாளைப் போலவே புகழோடு வாழ்ந்தவர் கோயம்புத்தூர் தாயி. அவருடைய தட்டுகள் நிறைய வெளிவந்தன. அவற்றில் ஒன்று கடல் கடந்து ஐரோப்பாவுக்கே போயிற்று. மோரிஸ் தெலாஜ் என்ற பிரெஞ்சு இசைஞர் தாயியின் பாட்டில் மயங்கினார். அந்தத் தட்டை வைத்துக்கொண்டு, ‘ராகமாலிகா’ என்று குரலுக்கும் பியானோவுக்குமாக ஓர் இசையே அமைத்தார்!

நேரில் பார்க்காத ஊருக்குப் பாட்டு போகிறது. பாடியவர் 1917-ல் மறைந்துவிட்டார். பாட்டு இன்னும் இருக்கிறது. இது தட்டு செய்த நன்மை.

வித்வான்கள் சிலர் கவலைப்பட்டார்கள். முன்பெல்லாம் ஒரு பாட்டைக் கேட்க நாள் பார்த்து, நடந்து போய், காத்திருக்க வேண்டும். இப்போது காபி குடித்துக்கொண்டே கேட்கலாம், பாதியில் நிறுத்தலாம். குருவுக்குப் பணிவிடை செய்யாமலே பாட்டைத் திருடிக்கொள்ளலாம். எங்கும் கிடைக்கும் பொருளுக்கு மதிப்பு ஏது என்று அவர்கள் நினைத்தார்கள்.

இன்னொரு கவலை, காசைப் பற்றியது. ஆரம்ப காலத்தில் பெரும்பாலும் பாடகருக்கு ஒரு தொகையைக் கொடுத்துவிட்டுக் கம்பெனி பதிவு செய்துகொள்ளும். பிறகு எத்தனை தட்டு விற்றாலும் லாபம் கம்பெனிக்கு!

மூன்று நிமிஷம்

தனம்மாளின் வீணை உடனே தட்டில் ஏறவில்லை. அந்நாளில் பதிவு செய்ய, ஒரு பெரிய ஊதுகுழலுக்குள் வாயை வைத்து உரக்கப் பாட வேண்டும். உரத்த குரல்தான் தட்டில் பதியும். விரலால் மீட்டும் மெல்லிய வீணைக்கு அது ஏற்றதல்ல.

1925-க்குப் பிறகு மின்சார மைக் பதிவுக்கு வந்தது. சிறிய ஒலியையும் அது பிடித்தது. 1930-களில், அறுபது வயதைக் கடந்த பிறகு, தனம்மாள் சில தட்டுகளுக்கு வாசித்துப் பாடினார்.

தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிஷம், கொஞ்சம் கூடப் போகலாம். அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை தோறும் மணிக்கணக்கில் விரிந்த இசை, அந்த மூன்று நிமிஷத்துக்குள் அடங்க வேண்டும். மலையைச் சிமிழுக்குள் வைத்தது போல!

ஆனாலும் அந்தச் சிமிழ் இல்லாவிட்டால், இன்று நமக்குத் தனம்மாளின் குரல் எப்படி இருந்தது என்றே தெரியாது. அதையும் மறக்கக் கூடாது.

கையில் தங்காத காசு

இவ்வளவு புகழ் பெற்ற தனம்மாள் பணக்காரியாக இருந்தாரா? இல்லை.

கைக்கு வந்தது கையில் தங்காது. தாராள மனம். நல்ல பொருளைக் கண்டால் விலை பார்க்காமல் வாங்குவார். இல்லை என்று வந்தவருக்குக் கொடுப்பார். வீட்டிலோ பெரிய குடும்பம். ராஜலட்சுமி, லட்சுமிரத்னம், ஜயம்மாள், காமாட்சி என்று நான்கு பெண்கள். பிறகு பேரன் பேத்திகள். கடனும் வறுமையும் அடிக்கடி வாசலில் வந்து நின்றன.

காலமும் மாறியது. பழைய ஆதரவாளர்கள் மறைந்தார்கள். தேவதாசி மரபுக்கு எதிரான இயக்கம் வலுத்தது. அந்த மரபில் நடந்த கொடுமைகள் ஒழிய வேண்டியவைதாம். ஆனால் அதோடு, அந்தப் பெண்களின் பிழைப்பும் மரியாதையும் சேர்ந்து அடிபட்டன. அவர்கள் காத்த கலையை மட்டும் உலகம் எடுத்துக்கொண்டது.

முதுமையில் தனம்மாளுக்குக் கண்பார்வையும் போயிற்று. கண் இல்லாத குருவிடம் கற்ற பாட்டு, கண் இழந்த பிறகும் அவரை விட்டுப் போகவில்லை. விரலுக்குத் தந்தி தெரியும். நெஞ்சுக்குப் பாட்டு தெரியும். வெள்ளிக்கிழமை வீணை ஒலித்தது.

ரசிகர்களைக் கூட்ட அவர் தம் இசையை மலிவாக்கவில்லை. வேகத்தைக் கூட்டவில்லை. கைத்தட்டல் வரும் என்று வித்தை காட்டவில்லை. பசி தெரிந்தவர் அவர். பணத்தின் அருமை தெரியாதவர் அல்ல. ஆனாலும் பாட்டை எப்படிப் பாட வேண்டும் என்பதை மட்டும் வேறு யாருக்கும் விட்டுக் கொடுக்கவில்லை.

1938-ம் ஆண்டு ஜூன் 16-ந் தேதி சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் தொடங்கியது. இனிமேல் பாட்டு காற்றிலேயே வீடு தேடி வரும்! அதே ஆண்டு அக்டோபர் 15-ந் தேதி தனம்மாள் காலமானார். அப்போது அவருக்கு வயது 71.

பேத்திகள் காத்த புதையல்

தனம்மாள் விட்டுச் சென்றது சில தட்டுகள் மட்டும் என்றால், கதை அதோடு முடிந்திருக்கும். பெரிய புதையல் வேறு இடத்தில் இருந்தது. வீட்டில் வளர்ந்த பிள்ளைகளின் காதில் இருந்தது!

மகள் காமாட்சியின் பெண்கள் பிருந்தாவும் முக்தாவும். பாட்டியின் பதங்களையும் ஜாவளிகளையும், ஒரு நெளிவுகூடக் குறையாமல் அவர்கள் பாடினார்கள். பெரிய பாடகர்களும் பிருந்தாவிடம் வந்து பதம் கற்றுக்கொண்டார்கள். உலகப் புகழ் பெற்ற எம்.எஸ். சுப்புலட்சுமியும் அவர்களில் ஒருவர். 1976-ல் சென்னை மியூசிக் அகாடமி பிருந்தாவுக்கு சங்கீத கலாநிதி பட்டம் அளித்தது.

மகள் ஜயம்மாளின் பெண் பாலசரஸ்வதி. தாய் பாட, மகள் ஆடினார். பரதநாட்டியத்தை உலகுக்கு எடுத்துச் சென்றார். 1973-ல் அவருக்கும் சங்கீத கலாநிதி பட்டம் கிடைத்தது. அவரைப் பற்றி சத்யஜித் ராய் ஒரு படமே எடுத்தார். பாலசரஸ்வதியின் தம்பிகள் ரங்கநாதனும் விசுவநாதனும். ஒருவர் மிருதங்கம், ஒருவர் புல்லாங்குழல். இருவரும் அமெரிக்கா சென்று, வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் நம் இசையைக் கற்பித்தார்கள்.

2010-ம் ஆண்டு இந்திய அரசு தனம்மாளின் படத்தோடு தபால் தலை வெளியிட்டது. பேத்தி பாலசரஸ்வதிக்கும் அதே ஆண்டில் தபால் தலை வந்தது.

ஒரு தெருவில், ஒரு வீட்டில், சில பேருக்காக ஒலித்த வீணை. அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது!

எண்ணிக்கையும் மதிப்பும்

இன்று காலம் இன்னும் மாறிவிட்டது. அணைக்கட்டுப் பக்கத்து கிராமத்திலிருந்து ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு பஸ் ஏறும் பெண்ணின் கையிலும் ஒரு போன் இருக்கிறது. காதில் ஒரு சின்னக் கருவி. விரலால் தொட்டால் கோடிக்கணக்கான பாட்டுகள்! அரசர்களுக்கும் கிடைக்காத செல்வம் அது.

பாட்டுச் செய்வதும் எளிதாகிவிட்டது. முன்பு ஒரு பாட்டைப் பதிவு செய்யக் கம்பெனியின் தயவு வேண்டும். இன்று ஒரு கம்ப்யூட்டர் போதும். வீணையைத் தொடாதவரும் தம் பாட்டில் வீணை ஒலியைச் சேர்க்கலாம். ஏழை வீட்டுப் பிள்ளையும் தன் பாட்டை உலகத்துக்குக் கொடுக்கலாம். இது நல்ல காரியம்தான். ஆனால் இதனால் வெள்ளமும் வந்துவிட்டது. நாளொன்றுக்கு ஒரு லட்சம் புதுப் பாட்டுகள் சேர்வதாக 2022-ல் பெரிய இசைக் கம்பெனிகளின் தலைவர்களே கணக்குச் சொன்னார்கள். ஒரு மனிதன் ஆயுள் முழுவதும் உட்கார்ந்தாலும் கேட்டுத் தீராது!

இந்த வெள்ளத்தில் பாட்டுக்குக் காசு எப்படி வருகிறது? எத்தனை தடவை கேட்டார்கள் என்ற எண்ணிக்கையை வைத்துத்தான். உதாரணமாக, ஸ்பாட்டிஃபை என்ற நிறுவனத்தில் முப்பது வினாடி கேட்டால் ஒரு தடவை என்று கணக்கு. ஓராண்டில் ஆயிரம் தடவைக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட பதிவுக்குப் பங்கு கிடையாது என்று 2024-ல் அது விதியும் வகுத்தது.

இந்தக் கணக்கில் தனம்மாளைப் போட்டுப் பார்க்கலாம். வெள்ளிக்கிழமைக்குப் பதினைந்து பேர் வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 52 வெள்ளிக்கிழமைகள். ஆக மொத்தம் 780. ஆயிரத்தை எட்டவில்லை! காசு பூஜ்யம்!

ஆனால் அந்தச் சிலர் யார்? கேட்டதை மறக்காதவர்கள். கேட்டதைத் தம் பாட்டில் சேர்த்தவர்கள். அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள். எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் கணக்குக்கு இது தெரியாது. எத்தனை பேர் கேட்டார்கள் என்பது வேறு. எப்படிக் கேட்டார்கள் என்பது வேறு.

அதற்காக, கலைஞன் பட்டினி கிடக்க வேண்டும் என்பது இல்லை. தனம்மாளின் வறுமை பெருமைப்பட வேண்டிய விஷயம் அல்ல. அவரை ரசித்த ஊருக்கு அது ஒரு குறை. வித்வான்கள் பயந்தது போலத் தட்டு வந்ததால் சங்கீதம் செத்துப் போகவில்லை. தட்டும் வேண்டியிருந்தது, பேத்திகளின் உழைப்பும் வேண்டியிருந்தது. கருவி பாட்டைச் சுமந்து கொண்டு போகும். அதற்கு விலை கொடுப்பதும், காது கொடுப்பதும் மனிதர்கள்தான் செய்ய வேண்டும்.

ஊரில் நல்ல நாதஸ்வரக்காரர் இருக்கிறார். கோயிலில் நன்றாகப் பாடும் அம்மாள் இருக்கிறார். பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கும் வாத்தியார் இருக்கிறார். கல்யாணத்துக்கு அவர்களை அழைத்து, பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுத்து, அவர்கள் வாசிக்கும்போது பேச்சை நிறுத்திக் கேட்டால், அதுவும் ஒரு வெள்ளிக்கிழமைக் கச்சேரிதான்.

தனம்மாளின் பழைய தட்டுகள் இன்று போனிலேயே கிடைக்கின்றன. கீறல் சத்தம் நிறைய இருக்கும். வீணை அதற்குள்ளிருந்து சன்னமாக வரும். மூன்று நிமிஷம்தான். வேலையெல்லாம் முடிந்த ஒரு மாலையில், வீட்டில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து, அந்த மூன்று நிமிஷமும் பேசாமல் கேட்கலாம்.

காசு செலவில்லை. தனம்மாள் கேட்ட விலை அந்த மௌனம் ஒன்றுதான்.